தட்டாத நடைவண்டி

என் வீட்டுக்காரர் வருகிறார் என்ற சேதி வந்தபோது வளவில் இருந்தவர்கள்: என் மாமியார், அவரை நான் அயித்தை என்று கூப்பிடுவேன். மாமனார், சுவரில், படமாக. வீட்டு வேலைக்கு வருகிற பெண், தூணைத் துடைத்துக்கொண்டு. சேதி கொண்டுவந்த கணக்குப்பிள்ளை, முகப்பை ஒட்டி நின்றபடி. நான், இரண்டாங்கட்டுக் கதவுக்குப் பின்னால். என் மகன், பளிங்குத் தரை நடுவில், உட்கார்ந்தபடி.

அவ்வளவுதான். வளவு என்றால் வீட்டின் நடுக்கூடம், ஊரே பந்தியில் உட்காரலாம்.

மகனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து ஐந்து மாதம். நடக்கவில்லை.

தை மாதம் ரங்கூனில் கப்பல் ஏறுகிறார், பட்டணத்தில் இறங்கி ரயிலில் மானாமதுரை, அங்கிருந்து மாட்டு வண்டி என்று கணக்குப்பிள்ளை சொன்னார். அயித்தைக்கு முகம் மலர்ந்தது. பிறகு தரையைப் பார்த்தார். தரையில் பையன் இருந்தான்.

எங்கள் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, போனால் திரும்ப மூன்று வருஷம் ஆகும். அவருக்கு ரங்கூனில் வட்டிக்கடை. அவர் போகும்போது பையன் என் வயிற்றில் இருந்தான். அதனால் அவர் பிள்ளையைப் பார்த்ததில்லை. பிள்ளையும் அவரைப் பார்த்ததில்லை. நடக்கவில்லை என்பதை யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை. கடல் தாண்டி இருக்கிறவனுக்கு அது எதற்கு என்றார் அயித்தை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

கல்யாணமான வருஷமே எங்களை வேறு வைத்துவிட்டார்கள். வேறு வைப்பது என்றால் வெளியே அனுப்புவது இல்லை. வீடு அதேதான். அடுப்பு வேறு. இரண்டாங்கட்டில் அயித்தைக்கு ஒரு அடுப்பு. கொஞ்சம் தள்ளி எனக்கு ஒன்று. நெல்லும் செலவுக்குப் பணமும் வருஷத்துக்கு இவ்வளவு என்று தந்துவிடுவார்கள். அவர் கப்பல் ஏறிப் போனார், அடுப்பு இருந்தது. அயித்தை தன் ஒரு வயிற்றுக்குச் சமைப்பார். நான் எனக்கும் பிள்ளைக்கும் சமைப்பேன். இரண்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் ரசம் கொதிக்கும். நல்ல குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். கிண்ணம் காலியாகத் திரும்பாது. ஆனால் அவரவர் இலை அவரவர் அடுப்புக்கு முன்னால்தான். சாப்பிடும்போது எனக்கு அவர் முதுகு தெரியும்.

பையன் தவழவும் இல்லை. உட்கார்ந்தவாக்கில் ஒரு கையைப் பின்னால் ஊன்றித் தள்ளுவான். தரை வழவழவென்று இருக்கும். சறுக்கிக்கொண்டே போய்விடுவான். நான் எழுந்து போவதற்குள் அவன் வளவின் அந்தக் கோடியில் இருப்பான். கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. சாக்கோட்டை வைத்தியர் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு எண்ணெய் கொடுத்தார். அயித்தை தினமும் காலையில் தன் கையால் தேய்த்துவிட்டார். கோவிலூரில் வேண்டிக்கொண்டார். அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன்.

விசேஷத்துக்கு வருகிற பெண்கள் பார்த்துவிட்டு ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உக்காந்தே சம்பாதிக்கிற வீட்டுப் பிள்ளை. எந்திரிப்பானேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அயித்தையும் சிரித்தார். அவர்கள் போன பிறகு அன்று அவர் அடுப்பு மூட்டவில்லை.

கணக்குப்பிள்ளை சேதி சொல்லிவிட்டுப் போன மறுநாள் அயித்தை என்னைக் கூப்பிட்டார். நான் வந்து தூணை ஒட்டி நின்றேன்.

"நா ஒளிச்சுப் பேசல ஆத்தா. அவன் வாரப்பயும் பிள்ளை இப்பிடியே கெடந்துச்சுன்னா இன்னொரு பொண்ணு பாக்கத்தான் வேணும். கடைக்கு ஆள் வேணுமில்ல. ஒன்னையத் தள்ளி வச்சிற மாட்டோம். ஒன் அடுப்பு ஒனக்கு."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

இரண்டாங்கட்டில் என் அடுப்புக்கு அடுத்தாற்போல் ஒரு மூலை இருந்தது. உடைந்த பானையும் பழைய பாயும் போட்டு வைத்திருந்தோம். அந்த வாரம் அதைக் காலி பண்ணச் சொன்னார் அயித்தை. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். எதற்கு என்று வேலைக்காரப் பெண் கேட்டாள். சும்மா, மகன் வருகிறானே, வீடு சுத்தமாக இருக்கட்டும் என்றார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு அடுப்புக்கு அங்கே சரியாக இடம் இருந்தது.

அன்று மத்தியானம் என் அறையைத் திறந்து நடைவண்டியை எடுத்தேன்.

என் ஆத்தா வீடு நாச்சியாபுரம். பெண்ணுக்குச் சாமான் கொடுக்கும்போதே பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். தொட்டில் கொடுத்தார்கள், பாலாடை கொடுத்தார்கள், நடைவண்டி கொடுத்தார்கள். மூன்று சக்கரம், நிற்கிற பிள்ளையின் மார்பு உயரத்துக்குக் கைப்பிடி. கடைசல் வேலை. சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூசி, முகம் தெரிகிற மாதிரி இருக்கும். பின் அச்சில் ஒரு முளை. முளைக்கு மேலே கட்டைவிரல் அளவு ஒரு மரச் சுத்தியல். அது எதற்கென்று எனக்குத் தெரியாது. அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன்.

வளவில் வைத்துத்தான் பழக்கினோம். அதுதான் வீட்டிலேயே நல்ல தரை. வருகிறவர்கள் எல்லாம் குனிந்து தொட்டுப் பார்க்கிற தரை. மேடு பள்ளம் கிடையாது. அயித்தை முன்னால் உட்கார்ந்து கையைத் தட்டினார். நான் பையனைத் தூக்கி நிறுத்தி, கைப்பிடியைப் பிடிக்க வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடியைத் தளர்த்த, அவன் சாய்ந்ததும் வண்டி விர்ரென்று முன்னால் போயிற்று. அவன் விழுந்தான். மறுபடியும் நிறுத்தினேன். மறுபடியும் போயிற்று. உதட்டில் பல் பட்டு ரத்தம் வந்தது. நாலைந்து நாள் இப்படி. பிறகு வண்டியைக் கண்டாலே சறுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான்.

"இந்தத் தரையில நடக்காதவன் எந்தத் தரையில நடப்பான்?" என்று அயித்தை எழுந்து போய்விட்டார்.

ஒரு நாள் பிடித்து நிறுத்தியபோது அவன் வண்டியின் மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். கழுவ வேண்டும். இரண்டாங்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இடுப்பில் பிள்ளை, கையில் வண்டி. பிள்ளையை நிலைப்படியில் உட்கார வைத்துவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினேன். எங்கள் கொல்லை முழுக்கச் செம்மண்ணும் சரளையும். கிணற்றடிக்கு இழுத்தேன்.

டக் என்றது.

ஏதோ உடைந்துவிட்டது என்று நின்றேன். உடையவில்லை. மறுபடி இழுத்தேன். டக். டக். பின் அச்சு சுற்றும்போது முளை போய்ச் சுத்தியலைத் தூக்கிவிடுகிறது. சுத்தியல் பலகையில் விழுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. திரும்பிப் பார்த்தேன். படியில் இருந்த பையன் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை.

கழுவித் துடைத்து வண்டியை வளவுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தள்ளிப் பார்த்தேன். சத்தமில்லை. குனிந்து பார்த்தேன். சக்கரம் சுற்றவே இல்லை. அரக்கும் வழவழப்பு, தரையும் வழவழப்பு. வண்டி சறுக்கிக்கொண்டு போனது, பையன் போவதைப் போலவே.

இத்தனை நாள் இது எங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தரை மேல் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

மறுநாளிலிருந்து மத்தியானம் அயித்தை படுத்த பிறகு கொல்லைக்குப் போனோம். நானும் அவனும் மட்டும். சரளையில் அவனால் சறுக்க முடியாது. உட்கார்ந்தால் குத்தும். முதல் நாள் அழுதான். தூக்கவில்லை. இரண்டாம் நாள் கைப்பிடியைத் தானே பிடித்தான். வண்டி ஓடிவிடக்கூடாது என்று அம்மிக் குழவியை எடுத்து வண்டிச் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டினேன். பளு இருந்ததால் சாய்ந்தாலும் ஓடவில்லை. தள்ளினால்தான் நகரும்.

அவனுக்கு நடக்க ஆசையில்லை. அந்தச் சத்தம் வேண்டும். தள்ளினான், நகர்ந்தது, தட்டவில்லை. இன்னும் தள்ளினான். டக். என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி தள்ளினான். வேகமாகத் தள்ளினால் வண்டி முந்தும், விழுவான். தள்ளாமல் நின்றால் சத்தம் வராது. கை தள்ள வேண்டும், கால் கூடவே போக வேண்டும். இது அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. விழுந்து விழுந்து அவனே கண்டுபிடித்தான். முட்டியில் சரளை குத்தின இடத்துக்கு மஞ்சள் பற்றுப் போடுவேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி.

அந்த வீட்டில் மத்தியானம் அசைவு எதுவும் இருக்காது. தெருவிலும் இருக்காது. ஆண்கள் இல்லாத தெரு. கிணற்று உறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேச ஆள் வந்தது மாதிரி இருக்கும்.

வேலைக்காரப் பெண் ஒரு நாள் வந்து சொன்னாள்.

"ஆச்சி, பக்கத்து வளவுல கேக்குறாக, ஒங்க வீட்டுல யாரு இம்புட்டு நேரம் வெத்தலை இடிக்கிறதுன்னு."

"என்ன சொன்ன?"

"பெரிய ஆச்சிக்குப் பல்லு போச்சுன்னேன்."

சிரித்துவிட்டேன். நான் சிரித்ததை அவள் அதிசயமாகப் பார்த்தாள்.

பெரிய ஆச்சிக்குப் பல்லும் போகவில்லை, காதும் போகவில்லை. அதே வாரம் தூக்கத்திலிருந்து எழுந்து கொல்லை நிலைக்கு வந்துவிட்டார். பையன் வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவர் பையனைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார். அரக்கெல்லாம் உரிந்து உள்மரம் தெரிந்தது.

"சீர்ச் சாமானச் சரளையில போட்டு இழுக்கிறியே. நாளைக்கு ஒன் மகளுக்கு இதத் தூக்கி வைக்க வேணாமா? சாயம் போச்சே."

வண்டியை எடுத்து வைக்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெண் கொண்டுவந்த சாமானில் மாமியார் கை வைப்பதில்லை. அது வழக்கம். உன் சாமான், உன் பாடு என்றுவிட்டு உள்ளே போனார். அந்த நேரம் பார்த்துப் பையன் உட்கார்ந்துவிட்டான். அவர் பார்த்தது அவ்வளவுதான்.

மார்கழி முடிவதற்குள் கிணற்றடியிலிருந்து பின்சுவர் வரை தள்ளிக்கொண்டு போனான். சுவரில் முட்டினால் திருப்ப வேண்டும். நடைவண்டிச் சக்கரம் தானாகத் திரும்பாது. கைப்பிடியைக் கீழே அமுக்கி, முன்சக்கரத்தை மேலே தூக்கி, உடம்போடு சுற்ற வேண்டும். குழவிப் பளு வேறு. அதுதான் அவனுக்குப் பெரிய வேலை. நாக்கைக் கடித்துக்கொண்டு செய்வான். திருப்பி முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவான், கிழவன் மாதிரி.

ஆனால் கையை விட மாட்டான். ஒரு கையை விடுவான், இரண்டையும் விட மாட்டான். நான் வண்டியை எடுத்துவிட்டால் அப்படியே உட்காருவான். பொங்கல் வந்தது, போயிற்று. எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனை. அவர் வந்து வளவில்தான் உட்காருவார். பிள்ளையை அங்கேதான் கொண்டுவந்து காட்டுவார்கள். வளவில் வண்டி சறுக்கும். வண்டி இல்லாமல் இவன் நடக்க மாட்டான். கேட்க ஆள் இல்லை.

வெள்ளை அடித்த மூலையில் அயித்தை கோலம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

அவர் வருவது புதன்கிழமை சாயங்காலம் என்று சொல்லியிருந்தார்கள். அயித்தை காலையிலேயே பலகாரத்துக்கு ஊறப்போட்டுவிட்டு, உண்டு, களைப்பில் படுத்துவிட்டார். நான் பையனைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி நாள், இன்றைக்கும் ஒரு தரம் என்று நினைத்தேன்.

வண்டிக்காரர் மாட்டை விரட்டி ஓட்டியிருக்கிறார். உச்சிக்கே ஊருக்குள் வந்துவிட்டார்கள். புதன்கிழமை உச்சி ராகுகாலம். மூன்று வருஷம் கழித்து வருகிறவர் அந்த நேரத்தில் தலைவாசல் ஏறக்கூடாது. எங்கள் வீடுகளுக்கு முன்தெருவில் தலைவாசல், பின்தெருவில் கொல்லைக் கதவு. கொல்லைக்குள் வந்தால் வீட்டுக்குள் வந்ததாக ஆகாது. கிணற்றில் கால் கழுவிக்கொண்டு, வேப்பமரத்தடியில் நேரம் கழியும்வரை இருக்கலாம் என்று வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து சுற்றி வந்திருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் கிணற்றடியில் இருந்தேன். பையன் பின்சுவர்ப் பக்கம், கதவுக்கு நேராக இருந்தான். வண்டி முட்டி நின்றது. திருப்புவதற்காகக் கைப்பிடியை அமுக்கினான். முன்சக்கரம் மேலே எழும்பியது. அப்போது கதவு திறந்தது.

குடை பிடித்த ஒரு ஆள். தோளில் துண்டு, காலில் ரங்கூன் செருப்பு. பையன் அண்ணாந்து பார்த்தான். ஆண்பிள்ளை யாரும் அந்தக் கொல்லைக்குள் வந்து அவன் பார்த்ததில்லை. என்னிடம் வர வேண்டும். வண்டியைத் திருப்ப நேரம் ஆகும். பாதி தூக்கின வண்டியைப் போட்டான். இரண்டு கையையும் விட்டான். திரும்பி நடந்தான்.

கை இரண்டும் மார்புக்கு நேரே நீட்டியபடி இருந்தன, கைப்பிடியைப் பிடித்திருக்கிற மாதிரியே. சத்தம் இல்லை. தட்டு இல்லாமல் அவன் நடந்து நான் பார்த்ததில்லை. வந்துகொண்டே இருந்தான். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் உட்கார்ந்துவிடுவான் என்று பயம். வந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவர் குடையை மடக்கினார்.

"இது யாரு பிள்ளை?"

"உங்க பிள்ளைதான்."

குடையைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தார்.

"நடந்துட்டான்" என்றேன்.

"நடக்காம என்ன? மூணு வயசு ஆகப் போகுதே."

அவருக்கு அது ஒன்றுமில்லை. பிள்ளை நடக்கிறது. எல்லாப் பிள்ளையும் நடக்கும். அந்தக் கொல்லையில் அதைப் பார்த்தது இரண்டு பேர். அதில் ஒருவருக்கு அது என்னவென்று தெரியாது. இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஆமா" என்றேன்.

அவர் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விரலால் தள்ளினார். டக் என்றது. பையன் மடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தான்.

"இதுல எதுக்குக் கல்லைக் கட்டி வச்சிருக்கு?"

"வெளையாட்டுக்கு."

ஆண் குரல் கேட்டு அயித்தை கொண்டையை முடிந்துகொண்டே நிலைக்கு வந்துவிட்டார். மகனைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு பையனைப் பார்த்தார். அவன் என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பிறகு வண்டியைப் பார்த்தார். அது பின்சுவர் ஓரம் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சரளையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

மகனிடம், நேரம் கழியட்டும் அப்பா, தலைவாசல் வழியாக வா, ஆலத்தி கரைக்கிறேன் என்றார். என்னைத் தாண்டிக் கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்க வந்தார். அவர் தண்ணீர் எடுப்பதில்லை, அது வேலைக்காரப் பெண் செய்வது. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"சாயம் போனாப் போகுது."

அன்று சாயங்காலம் வெள்ளை அடித்த மூலையில் விறகு அடுக்கச் சொன்னார். கோலத்தின் மேலேயே அடுக்கினார்கள்.

வளவுத் தரையில் அவன் நடக்க இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. வழுக்கியது. விழுந்தான், எழுந்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தவர் மறு வருஷம் ஆடி வரை இருந்தார். அவரிடம் பையன் ஒட்டுவதற்குப் பாதி நாள் போய்விட்டது. ஒட்டியபோது அவர் கிளம்பிவிட்டார். கொல்லையில் நடந்தது என்ன என்று அவருக்கு நான் பிறகும் சொல்லவில்லை. சொல்லும்படி ஒரு நேரம் வாய்க்கவில்லை. அயித்தையும் நானும்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. கிண்ணம் போய் வந்தது.

எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அந்த வண்டியைத் தூக்கி வைக்க மகள் பிறக்கவில்லை.

மகனுக்குப் பதினாலு வயதானபோது தொழில் பழக ரங்கூன் கடைக்குப் பெட்டியடிப் பையனாக அனுப்பினார்கள். கடைக்கு ஆள் வேண்டும். தலைவாசல் இறங்கிப் போகும்போது கையைக் கொஞ்சம் முன்னால் தூக்கினாற்போலத்தான் போனான். அது அவன் நடை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏன் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

அயித்தை அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். கடைசி வருஷம் அவரால் அடுப்படியில் உட்கார முடியவில்லை. நான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனாலும் காலையில் தன் அடுப்பைத் தானே மூட்டுவார். ஒரு செம்புத் தண்ணீர் காய வைத்துவிட்டு அணைத்துவிடுவார். ஒரு நாளும் மூட்டாமல் விடக்கூடாது என்பார், வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பார். அவர் போன பிறகு அதைச் சாணம் போட்டு மெழுகி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் இருக்கிறார். மகனும் அங்கேதான். அடுத்த தை என்கிறார்கள். நடைவண்டி என் அறையில் இருக்கிறது. குழவியை அவிழ்த்து அம்மிக்கே எடுத்துக்கொண்டேன். தினம் அரைக்க வேண்டுமே, ஒரு ஆளுக்கு என்றாலும்.

இரண்டாங்கட்டில் அடுப்புக்கு இடம் மூன்று. எரிவது ஒன்று.